நூலில் காய்த்த தக்காளி

மேடவாக்கத்தில் ஒரு வீட்டின் மொட்டை மாடியில் முன்பு ஒரு தக்காளிச் செடி இருந்தது. செடிப்பைக்குள் தேங்காய் நார்த்தூளும் கொஞ்சம் மண்ணும் கலந்து போட்டிருந்தார்கள். அதில்தான் அதன் பிழைப்பு. பக்கத்துப் பையில் ஒரு மிளகாய்ச் செடி.

இரண்டுக்கும் சொந்தக்காரர் பூவராகன். தோட்டத்தைப் பற்றிப் பேசிய நேரத்தில் பாதியைத் தோட்டத்துக்குக் கொடுத்திருந்தால் அந்த மாடி காடாகியிருக்கும். காலையில் மேலே வருவார். இலைகளில் தண்ணீர் தெளிப்பார். துளிகள் மின்னும்போது படம் எடுத்து ‘மாடித் தோட்ட நண்பர்கள்’ குழுவில் போடுவார். வேருக்கும் தண்ணீர் வேண்டும் என்பது அவருக்கு எப்போதாவது நினைவு வரும்.

அப்படியும் தக்காளிச் செடி ஒரு காய் பிடித்துவிட்டது. கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரியது, ஒரு பக்கம் சப்பை. மற்ற பூக்களெல்லாம் உதிர்ந்து இது ஒன்றுதான் நின்றது. கிடைத்த ஈரத்தையெல்லாம் செடி அந்தக் கிளைக்கே அனுப்பியது. அடி இலைகள் மஞ்சளாகித் தொங்கின.

“இப்படியே போனா நீ காய்ஞ்சு சுருண்டுடுவேடி,” என்றது மிளகாய்ச் செடி.

“சுருண்டாப் பரவாயில்லை. என் பிள்ளை சிவக்கணும்.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பூவராகன் படியேறி ஓடிவந்தார். பின்னாலேயே அவர் மனைவி நளாயினி.

“நளா, இந்த வருஷத்துச் சிறந்த விளைச்சல் யாரோடதுன்னு முடிவு பண்ண, குழுவுல எல்லாரும் இன்னைக்கு நம்ம தோட்டத்தைப் பார்க்க வர்றாங்க. இதுல பாரு, ஒத்தைக் காய்! அதுவும் சொத்தை மாதிரி. நான் போட்ட படத்துல கொத்துக் கொத்தா இருந்ததே!”

“அது நர்சரியில எடுத்த படங்க.”

“அது எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியுமா?”

நளாயினி பையை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனாள். திரும்பி வந்தபோது பை நிறையப் பெங்களூர்த் தக்காளி. ஒவ்வொன்றும் வழவழவென்று, காம்போடு. இருவரும் குந்தி உட்கார்ந்து, பச்சைத் தையல் நூலால் பழங்களை ஒவ்வொரு கிளையாகக் கட்டினார்கள்.

“பிள்ளைங்களா, நீங்கள்ளாம் யாரு?” என்று திகைப்போடு கேட்டது தக்காளிச் செடி.

“யாருக்குத் தெரியும்?” என்றது ஒரு பழம். “லாரியில வந்தோம். கூடையில கிடந்தோம். ரசம்னு பேச்சு அடிபட்டுச்சு. இங்கே வந்து தூக்குல போட்டுட்டாங்க.”

செடிக்குக் கூசியது. நூல் தண்டை அறுத்தது. அப்போது எதிர்ப்பக்கத் தொட்டியிலிருந்து தண்டுக்கீரை கூவியது: “அக்கா! ஒரே காலையில இத்தனையா! எப்படிக்கா?”

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்ல வாயும் திறந்தது. ஆனால் கீரைத் தொட்டி முழுவதும் வாய்பிளந்து தன்னையே பார்ப்பதைக் கண்டதும் அதன் தண்டு தானாக நிமிர்ந்தது.

“எல்லாம் உழைப்புதான்,” என்றது.

மிளகாய்ச் செடி தலையை மறுபக்கம் திருப்பிக்கொண்டது.

“அம்மா, பாரம் தாங்கலை,” என்று அடியிலிருந்து முனகியது சின்னக் காய். “கிளை வளையுது. எனக்குத் தண்ணி வரலை.”

“சும்மா இரு. ஆளுங்க வர்ற நேரம்.” செடி ஒரு இலையை இழுத்து அதை மூடிவிட்டது.

குழு வந்தது. முன்னால் தலைவி தேவமனோகரி. செடியைக் கண்டதும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

“சார், என்ன உரம் போடுறீங்க?”

“உரம் என்னம்மா உரம்! தினம் பேசுவேன். பிள்ளை மாதிரி. அந்த அன்புக்குத்தான் இது காய்க்குது.”

“ஒண்ணு பறிச்சுக்கவா? பூஜை அறையில வைக்கணும்.”

“வேண்டாம்மா, இன்னும் கொஞ்சம் பழுக்கட்டும்…”

நன்றாகச் சிவந்திருந்த பழத்தைத் தேவமனோகரி அதற்குள் பிடித்து இழுத்தார். நூல் விடவில்லை. கிளைதான் முறிந்தது. பழங்கள் நூலில் ஊசலாட, முறிந்த கிளையிலிருந்து சின்னக் காய் தெறித்து உருண்டது. யாரோ பின்வாங்கியபோது செருப்பின் கீழே சிக்கியது. மிதித்தவர் குனிந்து பார்த்து, செருப்பைச் செடிப்பையின் ஓரத்தில் தேய்த்துத் துடைத்துக்கொண்டார்.

தேவமனோகரி நூலை விரலில் சுற்றிக் கண்ணருகே கொண்டுபோனார்.

“இது தையல் நூலா சார்?”

“ஆமாம்மா… அது வந்து…”

“அதான் பார்த்தேன். தையல் நூல் கிளையை அறுத்துடும். நான் தூண்டில் நரம்புதான் கட்டறேன். படத்துலயும் தெரியாது.”

“முடிச்சை இலைக்குப் பின்னால வச்சுடணும் சார்,” என்றார் இன்னொருவர் அக்கறையோடு.

“வெண்டைக்காய்க்கு மட்டும் கட்டறது சரிப்படாது. பசைதான்,” என்றார் மூன்றாமவர்.

ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. எந்தப் பசை வெயிலில் இளகாது என்று மும்முரமாக விவாதித்தார்கள். நளாயினி காபி கொண்டுவந்தாள். அதன் பிறகு, வந்த வேலையை மறக்காமல், இந்த ஆண்டின் சிறந்த விளைச்சல் பூவராகனுடையதே என்று தேவமனோகரி அறிவித்தார். கைதட்டல் கீழ்வீடு வரை கேட்டது.

தரையில் நசுங்கிக் கிடந்ததைத் தக்காளிச் செடி பார்த்தது. அதன் வேரிலிருந்து ஒரு “ஐயோ” கிளம்பி வந்தது. ஆனால் அது தண்டைத் தாண்டுவதற்குள் எல்லாருடைய கைப்பேசிகளும் செடியை நோக்கி உயர்ந்தன. ஒடிந்த பக்கம் தெரியாதபடி யாரோ பையைத் திருப்பி வைத்தார்கள். செடி இலைகளை விரித்துக்கொண்டு நின்றது.

அவர்கள் போனபின் நளாயினி பழங்களை அவிழ்த்துச் சட்னிக்குக் கொண்டுபோனாள். விளக்குமாறு வந்து மீதியைக் கூட்டிப் போனது.

சில நாளில் நல்ல மழை பெய்தது. யாரும் ஊற்றாமலே பைக்குள் ஈரம் இறங்கியது. மிச்சக் கிளைகளில் மஞ்சள் பூக்கள் பூத்தன. அவற்றைப் பார்த்து மிளகாய்ச் செடி தன் கோபத்தையெல்லாம் மறந்தது.

“கொத்தா வச்சிருக்கேடி! இந்தத் தடவை வேருக்கும் ஈரம் இருக்கு. பிடிச்சுடும், பாரு.”

தக்காளிச் செடி உடம்பை ஒரு உலுக்கு உலுக்கியது. பூக்களெல்லாம் பொலபொலவென்று தரையில் கொட்டின.

“அடிப்பாவி! ஏண்டி இப்படிப் பண்ணினே?”

“பூக்கறது, காய்க்கறது, பழுக்கறதுக்குக் காத்துக்கிடக்கறது…” தக்காளிச் செடி அலுப்போடு சொன்னது. “அதெல்லாம் கட்டிவிட ஆளில்லாத செடிங்க செய்யற வேலை.”