வெண்கலக் குரல்

ஆறு இப்போது ஓடுகிற தடத்தில் ஓடாமல், ஊரை மேற்கே சுற்றிக்கொண்டு ஓடிய காலத்திலே, அதன் கரையில், பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஒரு பள்ளி இருந்தது. அதை நடத்தியவள் பெரியநாச்சி. அவளிடம் பாடம் கேட்க வந்த சீடர்களில் மூத்தவர் ஏகாம்பரம். குருவைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது பெரியவர். தலை நரைத்த பிறகு, “எல்லாம் படித்துவிட்டேன், பிள்ளைகளுக்குச் சொல்லித்தர மட்டும் தெரியவில்லை” என்று வந்து நின்றவர். அவர் அவளை அம்மா என்பார். அவள் அவரை ஐயா என்பாள்.

ஏகாம்பரத்துக்கு ஒரு பெருமை உண்டு. அவருடைய குரல். கோயிலில் அவர் புராணம் வாசித்தால் அக்கரையில் மாடு மேய்க்கிறவன் தலையாட்டுவான். வெண்கலக் குரல் என்று ஊர் சொல்லும். ஊர் சொல்வதைக் கேட்க அவர் காதும் எப்போதும் கொஞ்சம் சாய்ந்தே இருக்கும்.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம். காலையில் சீடர்களில் ஒருவர் வாத்தியாராக நின்று பாட்டின் ஓரடியைச் சொல்வார். பிள்ளைகள் உட்கார்ந்தபடி அதைத் திருப்பிச் சொல்லி, மணலில் எழுதிக் காட்ட வேண்டும். முடியாத பிள்ளைகள் புங்கமரத்தடிக்குப் போவார்கள். அங்கே பெரியநாச்சி உட்கார்ந்திருப்பாள்.

அந்த வருஷம் மரத்தடிக்குப் போனவர்கள் மூன்று பேர். வடிவு என்ற பெண் யார் முகத்தையும் பார்க்க மாட்டாள், பேச மாட்டாள். சாத்தனை உட்காரச் சொன்னால் எழுந்திருப்பான். அணில் ஓடினால் அவனும் ஓடுவான். மாசிலா அப்படியில்லை, கேட்ட கதையை வால் நுனி விடாமல் சொல்வான். எழுத்து மட்டும் அவன் கண்ணில் நிற்காது. நேற்று எழுதிய எழுத்தை இன்று யாரோ அசலூர்க்காரனைப் போலப் பார்ப்பான்.

அவர்களைத் தன்னிடம் விடும்படி ஏகாம்பரம் கேட்டார்.

“மூன்றும் ஒரே மரத்துக் காய்தானே, அம்மா. கொஞ்சம் மெதுவாக, கொஞ்சம் உரக்கச் சொன்னால் ஏறிவிடும்.”

“மூன்று பேருக்குமா?”

“நான் பேதம் பார்க்க மாட்டேன்.”

பெரியநாச்சி தலையை அசைத்தாள். சரி என்று அசைத்தாளா, வேறெதற்காவது அசைத்தாளா என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

வடிவின் தாய் ஆராயி, செங்கல் சூளையில் கல் சுமக்கிறவள். வேலைக்குப் போகும்போது பிள்ளையைப் பழம்புடவைக் கிழிசலால் வீட்டுத் தூணில் கட்டிவிட்டுத்தான் போவாளாம். கட்டாவிட்டால் கிணற்றடிக்கு ஓடிவிடுகிறது என்றாள். அந்தக் கிழிசலை இடுப்பில் செருகிக்கொண்டுதான் பிள்ளையை முதன்முதலாகப் பள்ளியில் விட வந்தாள். போகும்போது ஏகாம்பரத்திடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“இங்க கட்டமாட்டீகளே, ஐயா?”

அவர் சிரித்தார். “என் சத்தம் இருக்கும்போது கயிறு எதற்கம்மா?”

ஏகாம்பரம் கேட்டபடி அவருடைய பாடம் மரத்தடியில் தொடங்கியது. மெதுவாகவும் உரக்கவும் சொன்னார். சாத்தன் எழுந்து நழுவும்போதெல்லாம் “சாத்தா!” என்று ஓர் அதட்டல் போட்டார். அவனும் பாதி வழியில் திரும்பி வந்தான். மாசிலா கேட்டதையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, மணலை மட்டும் கலைத்துக்கொண்டிருந்தான். வடிவு இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். பிள்ளைக்குக் கவனம் போதவில்லை என்று நினைத்து ஏகாம்பரம் இன்னும் உரக்கச் சொன்னார்.

அப்படியே போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் காலையில் வடிவு எழுந்து ஓடினாள்.

ஆற்றோரக் கோரைக்குள் அவள் புகுந்ததை அவர் பார்த்தார். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, பேர் சொல்லிக் கூப்பிட்டபடி பின்னால் ஓடினார். பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் கரைக்கு வந்துவிட்டார்கள். கோரைக்கு அப்பால் தண்ணீரில் வடிவின் முதுகு தெரிந்தது. அவர் கூப்பிட்டார். இடுப்புத் தண்ணீர். இன்னும் பலமாகக் கூப்பிட்டார். நெஞ்சுத் தண்ணீர். கோயிலில்கூடக் காட்டாத குரலைக் காட்டிவிடுவது என்று அவர் மூச்சை இழுத்தபோது, ஒரு கை வந்து அவர் வாயைப் பொத்தியது.

பெரியநாச்சியின் கை.

இத்தனை பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, நரைத்த தலையோடு, வாய் பொத்தப்பட்டு அவர் நின்றார். கை எடுபடவில்லை. தண்ணீர் சலசலப்பது கேட்டது. எங்கோ ஒரு நாரை கத்தி ஓய்ந்தது. தண்ணீருக்குள் நின்ற பிள்ளையின் கைகள் மெல்லக் காதைவிட்டு இறங்கின. பிறகு அவளாகத் திரும்பினாள். தண்ணீர் குடித்த கன்று கரையேறுவதுபோல ஏறி வந்து, மணலில் உட்கார்ந்தாள்.

அப்புறந்தான் பெரியநாச்சி கையை எடுத்தாள்.

“நீங்கள் கூப்பிட்டபோது அவள் எந்தப் பக்கம் போனாள், ஐயா?”

அவர் திரும்பித் தண்ணீரைப் பார்த்தார்.

சாயங்காலம் சேதி கேட்டு ஆராயி ஓடி வந்தாள். செம்மண் அப்பிய கை. பிள்ளையின் தலையைத் தொட்டுப் பார்த்தாள், பாதத்தைத் தடவிப் பார்த்தாள். ஆற்றங்கரையெல்லாம் வாத்தியார் கூப்பிட்ட சத்தம் சூளை வரைக்கும் கேட்டதாம், இவ்வளவு பாடுபட்டீர்களே என்று கும்பிட்டாள். அந்தக் கும்பிடுதான் அவரைக் கொன்றது. பெரியநாச்சி பக்கம் பார்த்தார். அவள் விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தாள்.

“நான் கூப்பிட்டுத்தான் அவள் தண்ணீருக்குள் போனாள், ஆராயி. கூப்பிடக் கூப்பிட உள்ளே போனாள்.”

ஆராயி இடுப்புக் கிழிசலைத் தொட்டுப் பார்த்தாள்.

“நானும் அப்பிடித்தான் கூப்பிட்டேன், ஐயா,” என்றாள். “கெணத்து மேட்டுல நின்னு. அதுக்கப்புறந்தான் கட்டிப்போட ஆரம்பிச்சேன்.”

இன்னும் ஒருநாள் பார்க்கிறேன், நாளைக்கு அந்தியில் வருவேன், சரிப்படாவிட்டால் அழைத்துக்கொண்டு போய்விடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். இடுப்பில் அந்தக் கிழிசல் அப்படியே செருகியிருந்தது.

ஏகாம்பரத்துக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் வாயை மூடிக்கொண்டு மரத்தடிக்கு வந்தார். முணுமுணுப்பில்லை, செருமல்கூட இல்லை. மணலில் விரலால் எழுதுவதும், பிள்ளைகளுக்குச் சுட்டிக்காட்டுவதுமாக இருந்தார். வடிவு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து பக்கத்தில் வந்தாள். அவர் விரல் போன கோட்டுக்குப் பக்கத்தில் தன் விரலால் ஒரு கோடு இழுத்தாள். அவர் கண் நிறைந்துவிட்டது. நிறைந்த கண்ணுக்கு வேறெதுவும் தெரியவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் தடாலென்று சத்தம். அணில் பின்னால் போன சாத்தன் மாட்டுக்கொட்டில் கூரையிலிருந்து விழுந்து கிடந்தான். முழங்கால் பிளந்து ரத்தம். அன்று முழுக்க அவனை யாரும் அதட்டித் திருப்பவில்லை. அவனைத் தூக்கிக்கொண்டு அவர் வந்தால், புங்கமரத்து வேரில் உட்கார்ந்து மாசிலா ஏங்கி ஏங்கி அழுதுகொண்டிருந்தான்.

“உனக்கென்னடா?”

அன்றைக்கு அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

“எம்மேல என்ன கோவம், வாத்தியாரையா? காலையிலேர்ந்து நீங்க ஒண்ணுமே சொல்லலியே. நான் என்னத்தைப் படிக்க?”

ஏகாம்பரம் நிமிர்ந்தபோது வாசலில் ஆராயி நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ. பிள்ளையைக் கூப்பிடாமல் நின்றிருந்தாள். சாத்தனின் ரத்தத்தைப் பார்த்தாள், அழுகிறவனைப் பார்த்தாள், மணலில் குனிந்து கோடு இழுத்துக்கொண்டிருந்த வடிவைப் பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்து கிழிசலை உருவினாள்.

ஏகாம்பரம் தலையைக் குனிந்துகொண்டார். அதைப் பார்க்க அவருக்குத் தைரியமில்லை.

துணி கிழிபடும் சத்தம் கேட்டது. ஆராயி கீழே உட்கார்ந்து, சாத்தனின் காலை மடியில் வைத்து, ஒரு பாதியால் ரத்தத்தைத் துடைத்தாள். மறுபாதியை முழங்காலில் சுற்றி முடிச்சுப் போட்டாள். “ஆடாம இருடா, அணில் புள்ள,” என்றாள். எழுந்தாள். வடிவின் பக்கத்தில் போய்ச் சும்மா நின்றாள். அப்புறம் வந்த வழியே தனியாகப் போனாள்.

பிள்ளைகள் சோற்றுக்குப் போனார்கள். மரத்தடியில் ஏகாம்பரமும் பெரியநாச்சியும் மட்டும் இருந்தார்கள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் மணலைப் பார்த்துப் பேசினார்.

“அம்மா, கத்தினேன், ஒன்று ஆற்றில் இறங்கியது. வாயை மூடினேன், ஒன்று கூரையிலிருந்து விழுந்தது, ஒன்று அழுதது. நேற்று நான் கற்றது ஒரு நாள்கூட நிற்கவில்லையே.”

“நேற்று என்ன கற்றீர்கள்?”

“பேசாமல் இருக்க.”

பெரியநாச்சி எழுந்து புடவையில் ஒட்டிய மணலைத் தட்டினாள்.

“நேற்று நீங்கள் கற்றது வடிவை, ஐயா,” என்றாள். “இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள்.”

அவள் போய்விட்டாள். ஏகாம்பரம் சற்று நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். மணலில் அவர் கோடும் வடிவின் கோடும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. காலில் மிதிபடாமல் அவற்றைச் சுற்றிக்கொண்டு, அவரும் எழுந்து போனார்.