சண்டமாருதத்தின் வெள்ளி நாற்காலி

முன்னொரு காலத்தில் உலைமலை நாட்டைக் கண்டீரவன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். ஆண்டான் என்று மரியாதைக்குச் சொல்கிறோம். அவன் சாப்பிட்டான், தூங்கினான், நடுநடுவே எதற்காவது ஆசைப்பட்டான். நாட்டைக் கட்டி மேய்த்தவர் மந்திரி திருமேனி.

ஒரு வருஷம் உலைமலை வெடித்தது. நெருப்புக் குழம்பு வழிந்து, பொட்டல்காட்டில் மெல்ல மெல்ல ஊர்ந்தது. நல்லவேளையாக வழியில் ஊர் எதுவும் இல்லை. ஊர் இல்லாத இடத்துக்கு ஊரையே கூட்டிக்கொண்டு போகலாம் என்று ஒரு புண்ணியவானுக்கு யோசனை வந்தது. அவர்தான் சண்டமாருதம். சபையில் யார் எங்கே உட்காருவது என்று தீர்மானிக்கிற அதிகாரி. மந்திரியைக் கண்டால் அவருக்கு வயிறு எரியும்.

"மகாராஜா, அருவி எல்லா நாட்டிலும் இருக்கிறது. நெருப்பு ஆறு நம்மிடம் மட்டும்தான். ஜனங்கள் பார்க்க வேண்டாமா? நாற்பதடி தள்ளித் திடல் போட்டு, பௌர்ணமியன்று திறந்துவிடுவோம்" என்றார்.

திருமேனி எழுந்தார். "நான் போய்ப் பார்த்தேன் மகாராஜா. மேலே கறுத்து ஆறின மாதிரி இருக்கிறது, உள்ளே ஓடிக்கொண்டே இருக்கிறது. எந்தப் பக்கம் உடைத்துக்கொண்டு வரும் என்று சொல்ல முடியாது. ஜனங்கள் பார்க்கட்டும், தள்ளி நின்று பார்க்கட்டும்."

"எவ்வளவு தள்ளி?" என்று ராஜா கேட்டான்.

திருமேனிக்கு அது தெரியாது. தெரிந்த மாதிரி அளக்கவும் அவருக்கு வராது.

சண்டமாருதம் மீசையை நீவிக்கொண்டார். "நெருப்பென்றால் வாய் வெந்துவிடுமா, மந்திரியாரே?"

ராஜா சிரித்தான். ராஜா சிரித்ததால் சபையும் சிரித்தது. "விழா நடக்கும்" என்றான் ராஜா. "குறுக்கே நின்றால் உமக்குப் பதவியும் கிடையாது, இந்த நாட்டில் இடமும் கிடையாது."

பதவி போனால் போகட்டும், கழுதை. ஆனால் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வருவார்களே, அந்த ஜனங்களை யார் காப்பாற்றுவது? அதை நினைத்தால் திருமேனிக்குச் சோறு இறங்கவில்லை. நாட்டை விட்டுப் போய்விட்டால் தடுக்கவும் ஆள் இருக்காது. அப்போதுதான் அவருக்கு அந்தச் செப்புப் பட்டயம் ஞாபகம் வந்தது.

போன வருஷத்துக் கூத்தில் ஒரு பருத்திக்காட்டுக்காரன், பாவம், சண்டமாருதத்துக்கு முன்னால் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டான். அவனுக்குப் பத்து கசையடி. அத்தோடு விட்டாரா மனுஷன்? ராஜாவிடம் அழுது புரண்டு ஒரு பட்டயம் வாங்கினார். 'எந்த விழாவிலும் சண்டமாருதத்தின் வெள்ளி நாற்காலியே முதல் ஆசனம். ஜனங்கள் ஒருவர்கூட அதைத் தாண்டி முன்னால் நிற்கக் கூடாது.'

மறுநாள் திருமேனி சபையில் கும்பிட்டுச் சொன்னார்: "விழா நடக்கட்டும் மகாராஜா. அதிகாரியாரின் பட்டயம் மட்டும் எழுத்துப் பிசகாமல் நடக்க வேண்டும்."

சண்டமாருதம் உருகிப்போனார். "இப்போதாவது என் அருமை தெரிந்ததே உமக்கு."

பௌர்ணமியன்று விடிவதற்குள் வண்டி வண்டியாகக் கூட்டம் வந்துவிட்டது. பொரி விற்கிறவன் ஒருபக்கம், தோளில் பிள்ளையோடு அப்பன்மார் ஒருபக்கம். பறை அடித்துப் பட்டயத்தை வாசித்தார்கள். நாற்பதாவது அடியில் வெள்ளி நாற்காலி போட்டார்கள். பக்கத்தில் ராஜாவின் பல்லக்கு. சண்டமாருதம் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

முதலில் மீசையில் தடவிய புனுகு உருகி வாய்க்குள் போனது. துப்ப முடியாது, ராஜா பக்கத்தில் இருக்கிறான். அப்புறம் நாற்காலி. வெள்ளி சூட்டை வாங்கினால் லேசில் விடாது. அவர் வலப்பக்கம் சாய்ந்து பார்த்தார், இடப்பக்கம் சாய்ந்து பார்த்தார். மனுஷனுக்கு இருப்பதே இரண்டு பக்கம்தானே.

"புகை கண்ணைக் கரிக்கிறது. நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் போடுங்கள்."

"போடுங்கள், போடுங்கள்" என்றார் திருமேனி. "பட்டயம் ஞாபகம் இருக்கட்டும், ஜனங்கள் அவருக்கும் பின்னால்."

காவலர்கள் கூட்டத்தைத் தள்ளினார்கள். நூறடியில் உட்கார்ந்தார். ஐந்து நிமிஷம் தாங்கவில்லை. "இங்கே வெயில் கண்ணில் குத்துகிறது."

"வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, அதிகாரியாரே" என்றார் திருமேனி.

"முதுகில் குத்துகிறது என்றேன், ஓய்."

இருநூறு. முந்நூறு. நாற்காலி நகர நகரப் பல்லக்கும் நகர்ந்தது. ராஜாவும் வெந்துகொண்டுதான் இருந்தான், வெளியே சொல்ல வெட்கம். கடைசியில் நானூறாவது அடியில், ஒரு பாறை ஓரமாக, சண்டமாருதம் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து நீர்மோர் கேட்டார். ஒரு சொம்பு முழுக்கக் குடித்து, இன்னொரு சொம்பும் கேட்டார். திருமேனி தன் கைத்தடியை அங்கேயே ஊன்றினார்.

கொஞ்ச நேரத்தில் கறுத்த மேல்தோல் படாரென்று பிளந்தது. உள்ளே கிடந்த நெருப்பு குபுகுபுவென்று பாய்ந்து, நாற்காலி முதலில் கிடந்த இடத்தை மூடி, இருநூறடி வரை ஓடி வந்து நின்றது. அப்பன்மார் தோளில் இருந்த பிள்ளைகளை இறக்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்கள்.

ராஜா பல்லக்கிலிருந்து தலையை நீட்டினான். "மந்திரி, நீர் தடுக்கவே இல்லையே?"

"தடுத்தால் பதவி போகும் என்றீர்களே. அன்றைக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டீர்கள். இப்போது சொல்கிறேன், நானூறு அடி. நெருப்பென்றால் வாய் வேகாதுதான் மகாராஜா. எது வேகும் என்று அதிகாரியார் உட்கார்ந்து பார்த்துச் சொல்லிவிட்டார்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரி கழுத்தில் போட்டான். தடி ஊன்றிய இடத்தில் கல் நடச் சொன்னான். அப்புறம் சண்டமாருதத்தின் பக்கம் திரும்பினான். "பட்டயம் பட்டயம்தான், ஓய். மலை அடங்குகிற வரைக்கும் தினமும் முதலில் நீர் போய் உட்காரும். நீர் மோர் கேட்கிற இடத்தில் ஜனங்கள் நிற்பார்கள்."

மலை அடங்க மூன்று வருஷம் ஆனது. வெள்ளி நாற்காலியை விற்றுவிட்டு மர நாற்காலி வாங்கிக்கொண்டார் என்று கேள்வி. இன்றைக்கும் அந்த நாட்டில் யாராவது வீம்புக்கு நெருப்புப் பக்கம் போனால், "சண்டமாருதமே உட்காராத இடத்தில் உனக்கென்னடா வேலை?" என்று காதைப் பிடித்து இழுத்து வருவார்களாம்.