தூணுக்குப் பின்னால் ஓர் ஆசனம்

ஆனையப்பரின் ஆசனத்தைத் தூணுக்குப் பின்னால் தள்ளியவன் தேவநாயகம். அதை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றக் கதைக்கு வாய் வரும்.

மருதங்காடு என்றொரு நாடு முன்னொரு காலத்தில் இருந்தது. சிங்கமாராயன் அதை ஆண்டான். நல்ல மனசுக்காரன்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. அவனுடைய மூத்த மந்திரி ஆனையப்பர். அரண்மனைக்கு வரும் விருந்தாளிகளைக் கவனிக்கும் உபசார அதிகாரி தேவநாயகம். "கிழவர் இருமுகிறார், மன்னர் காதுக்கு ஆகாது" என்று ஒருநாள் மந்திரியின் ஆசனத்தைத் தூக்கித் தூணுக்குப் பின்னால் போடச் செய்தான். சபை சிரித்தது. மன்னனும் சிரித்தான். ஆனையப்பர் எதையும் மறக்கவில்லை.

அங்கிருந்து பார்த்தால் மன்னன் முகம் தெரியாது. ஜன்னல் வழியாக விருந்தினர் முற்றம் மட்டும் தெரியும். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மன்னனின் பிறந்த நாளுக்கு நான்கு வணிகர்கள் நான்கு பிராணிகளைக் கொண்டுவந்தார்கள். பாலைவனத்து ஒட்டகம், பனிமலைக் கவரி எருது, மழைக்காட்டு மந்தி, புல்வெளியில் பிறந்த வெளிமான்.

"நம் வாசலுக்கு வந்தவர் யாரானாலும் விருந்தாளி!" என்றான் மன்னன். "எல்லோருக்கும் ஒரே உபசாரம் நடக்கட்டும்."

மருதங்காட்டு வழக்கம் அது. விருந்தாளிக்கு எண்ணெய்க் குளியல், நெய்ப் பொங்கல், தோளில் ஒரு மரியாதைப் போர்வை. விளக்கு வைக்கும்வரை போர்வையைக் கழற்றக் கூடாது. கழற்றினால் மன்னனை அவமதித்ததாகும். தேவநாயகம் நான்குக்கும் அப்படியே செய்தான். அதுவும் சித்திரை மாதத்தில்.

சில நாளில் நான்கும் படுத்துவிட்டன. எருது நாக்கைத் தொங்கப்போட்டது. ஒட்டகத்தின் பாதம் ஈரத் தரையில் புண்ணானது. மந்தி திரைச்சீலைக் கம்பியைவிட்டு இறங்கவே இல்லை. வெளிமான் சுவரில் போய்ப் போய் முட்டியது.

மன்னன் கொதித்தான். "என்ன அய்யா உபசாரம் இது?"

"உபசாரத்தில் குறையில்லை மகாராஜா," என்று கை கட்டினான் தேவநாயகம். "தூணுக்குப் பின்னாலிருந்து ஒருவர் நாள் முழுக்க உற்று உற்றுப் பார்க்கிறார். கண்ணேறு பட்டுவிட்டது."

"ஆனையப்பரே! பௌர்ணமிக்குள் அவை எழுந்து நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஆசனமும் உமக்கு இல்லை. அரண்மனைப் பக்கமே வரக் கூடாது."

"ஆகட்டும் மகாராஜா. நாளை ஒருநாள் மட்டும் உபசார அதிகாரத்தை என்னிடம் கொடுங்கள். எனக்கு ஒரே ஒரு விருந்தாளி போதும். தேவநாயகம் வரட்டும்."

மறுநாள் உச்சிவெயிலில் தேவநாயகம் பல்லை இளித்துக்கொண்டு வந்தான். முற்றத்தின் நடுவில் அவனுக்கு மணை. இரண்டு பக்கமும் தணல் நிறைந்த கணப்புச்சட்டி. குடிக்க, வெண்ணெய் மிதக்கும் கொதிக்கிற கஞ்சி. கடைசியில் ஆனையப்பர் தம் கையாலேயே எருமைக்கன்று கனத்துக்கு ஒரு கம்பளியை அவன் தோளில் போர்த்தினார்.

"என்னய்யா இது?"

"பனிமலையில் விருந்தாளிக்கு இப்படித்தான் செய்வார்களாம். எல்லோருக்கும் ஒரே உபசாரம் என்பது நம் சட்டம்தானே? போர்வையில் கை வைக்காதீர்கள், மன்னர் பார்க்கிறார்."

கொஞ்ச நேரத்தில் தேவநாயகத்தின் நாக்கு எருதின் நாக்கு மாதிரியே தொங்கியது. "ஐயோ, செத்தேன்! கழற்றுங்கள்!"

ஆனையப்பர் குனிந்து கேட்டார். "அடடா, உங்கள் மேல் யார் கண் பட்டது?"

மன்னனுக்குச் சிரிப்பும் வந்தது, யோசனையும் வந்தது. போர்வையைக் கழற்றச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் வந்தான். "அப்படியானால் எருது?"

"பிறக்கும்போதே கம்பளியோடு பிறந்தது, மகாராஜா. பனிக்காற்றுக்குத் தைத்த சட்டை. இங்கே அதைக் கழற்ற முடியுமா?"

"ஒட்டகம்?"

"அதன் பாதம் அகலம், மணலில் புதையாது. மணல்காற்று அடித்தால் மூக்கை மூடிக்கொள்ளும். தீனி கிடைக்காத நாளுக்குத் திமிலில் கொழுப்பைச் சேர்த்து வைத்திருக்கிறது. அதற்குப் போய் தினமும் குளியலும் நெய்ப் பொங்கலும்!"

"மந்தி ஏன் இறங்க மாட்டேன் என்கிறது?"

"அதன் ஊரில் தரை என்பதே ஆபத்து. சாப்பாடு, தூக்கம், சண்டை எல்லாம் மரத்தின் மேலேதான். வெளிமானோ நேர் எதிர். தூரத்தில் வருகிற ஓநாயைக் கண்ணால் பார்க்க வேண்டும், பார்த்ததும் காலால் பறக்க வேண்டும். நாம் நாலு பக்கமும் சுவர் வைத்து இரண்டையும் பறித்துவிட்டோம்."

"இதெல்லாம் உமக்கு யார் சொன்னது?"

"கொண்டுவந்த வணிகர்களைக் கேட்டேன். மிச்சத்தை அவையே சொல்லின. தூணுக்குப் பின்னால் எனக்கு வேறு என்ன வேலை, மகாராஜா?"

மன்னன் உடனே ஆணையிட்டான். அன்றே மான் ஊருக்கு வெளியே புல்வெளிக்குப் போனது, விட்டதும் புழுதிதான் தெரிந்தது. மந்தி மேற்கு மலைக் காட்டுக்கும் ஒட்டகம் செம்மணல் தேரிக்கும் போயின. எருதை இரவில் நடத்தி, பகலில் ஓடையில் நிறுத்தி, வடக்கே அனுப்பினார்கள். பௌர்ணமிக்குள் நான்கும் தேறிய செய்தி வந்தது.

"தேவநாயகமே, மந்திரியின் ஆசனத்தை நீரே தலையில் சுமந்து என் வலப்பக்கம் வையும்!"

தேக்கு ஆசனம். தேவநாயகம் மூச்சு வாங்கச் சுமந்துவந்தான். சபை சிரித்தது. மன்னனும் சிரித்தான். ஆனையப்பர் உட்கார்ந்து, ஆசைதீர ஒருமுறை இருமினார்.

"இப்போது மனம் ஆறியதா?"

"தேவநாயகத்தின் மேல் ஆறிவிட்டது, மகாராஜா. என்னைத் தூணுக்குப் பின்னால் தள்ளிய அன்று, சபையோடு சேர்ந்து சிரித்தவர் யார் என்று பார்த்து வைத்திருக்கிறேன்."

மன்னன் உத்தரத்தைப் பார்த்தான். "அந்த ஒட்டகம்... மணலில் நன்றாக நடக்கிறதா?"

"நடக்கிறது. மணல்காற்று வந்தால் அது மூக்கை மூடிக்கொள்கிறது. வேண்டாத பேச்சு வந்தால் மன்னர்கள் காதை மூடிக்கொள்கிறார்கள். அவரவர் ஊருக்கு ஏற்ற உடம்பு."

மன்னன் அதற்கும் சிரித்தான், ஒரு முத்துமாலையும் போட்டான். 'தப்புதான், பொறுத்துக்கொள்ளும்' என்ற சொல் மட்டும் வரவில்லை. ஆனையப்பர் மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அந்த வாயையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.