வராததற்கு அத்தாட்சி

மனைவி இறந்த பிறகு, உப்பளக் காவலாளி சடையாண்டி தொலைதூரக் கல்வியில் பி.ஏ. சேர்ந்தார். பரீட்சைக்கு ஒரு மாதமே இருந்தது. பாடப் புத்தகங்கள் வந்தபாடில்லை. பல்கலைக்கழக அலுவலகத்தில் போய்க் கேட்டார்.

"அனுப்பியாச்சுன்னு பதிவேட்டுல இருக்கு. வரலைன்னா அதுக்கு அத்தாட்சி கொண்டாய்யா," என்றார் கண்காணிப்பாளர் வேதரத்தினம்.

அடுத்த வாரம் சடையாண்டியிடமிருந்து அவருக்குப் பதிவுத் தபால் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிப் பிரித்தார். வெறும் உறை.

வேதரத்தினம் கையெழுத்திட்ட ஒப்புகை அட்டை தபாலில் திரும்பிக் கைக்கு வந்ததும் சடையாண்டி போய் நின்றார்.

"யோவ், உறைக்குள்ள ஒண்ணுமே இல்லையேய்யா!"

"அத்தாட்சி அனுப்பியாச்சு சார். உங்க கையெழுத்து இதோ இருக்கு. வரலைன்னா, அதுக்கு நீங்க அத்தாட்சி குடுங்க."

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். வேதரத்தினம் முகம் சிவந்து பீரோவைத் திறந்தார். சடையாண்டியின் பெயர் எழுதிய புத்தகக் கட்டு உள்ளேயே கிடந்தது.

"யாருய்யா உனக்கு இந்த யோசனை சொன்னது?"

"உப்பளத்துல சொல்றதுக்கு யார் சார் இருக்கா? படிக்கவும் புத்தகம் இல்ல. யோசிச்சுக்கிட்டே கிடந்தேன்."