பள்ளிக்கூட வாசலில் சேர்மன் பேனர்

எங்கள் பேரூராட்சியில் எதைக் கேட்டாலும் நிதி இல்லை என்பார்கள். பள்ளிக்கூட வாசலில் சாக்கடை மூடி உடைந்து கிடந்தது. யுகேஜி குழந்தை ஒன்று இடுப்பளவு உள்ளே போய்விட்டது. அம்மாக்கள் எல்லோரும் திரண்டு பேரூராட்சி ஆபீஸில் போய் நின்றோம். சேர்மன் தனக்கோடி காபி டம்ளரைக்கூடக் கீழே வைக்கவில்லை. தூய்மைப் பணியாளர் காத்தாயியைக் கூப்பிட்டார்.

"இந்தா காத்தாயி, இனிமே ஒரு பிள்ளையும் அதுல விழக் கூடாது. பைசா செலவும் ஆகக் கூடாது. விழுந்துச்சுன்னா உனக்கு வேலை இல்லை."

"சரிங்கய்யா" என்றாள் அவள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை குழியைச் சுற்றி நாலு கம்பு நட்டு, சேர்மனின் பிறந்தநாள் பேனரைக் கட்டியிருந்தாள். சாக்கடைக்கு மேலே அவர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். குழந்தைகள் ஒதுங்கிப் போனார்கள். பெரியவர்கள் நின்று போட்டோ எடுத்தார்கள்.

சேர்மன் பறந்து வந்தார். "உனக்கு என் பேனர்தான் கிடைச்சுதா?"

"ஊர்ல காசில்லாம கிடைக்கிறது அது ஒண்ணுதானுங்கய்யா. வேண்டாம்னா எதிர்க்கட்சி அண்ணன் பேனர் இருக்கு, மாத்திடறேன். பிள்ளைங்களைக் காப்பாத்தினது அவருதான்னு பேசுவாங்க, பரவாயில்லீங்களா?"

சேர்மன் அங்கேயே நின்று போனை எடுத்தார். சாயங்காலமே சிமென்ட் சிலாப் வந்து இறங்கியது. நிதி எந்த வானத்திலிருந்து குதித்ததோ தெரியவில்லை.

பேனரைக் கொடு என்று அவர் கையை நீட்டினார். காத்தாயி அதைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

"இது எங்கிட்டயே இருக்கட்டுங்கய்யா. சந்தைத் தெருவுல இன்னும் ரெண்டு குழி இருக்கு."