அடிமரத்தில் பூத்த பொரி

ஆற்றங்கரை வீடொன்றின் கொல்லையில் ஓர் அணிலும் ஓர் ஓணானும் ஒரு காகமும் இருந்தன. நடுவில், ஒன்பது வருஷமாய்க் காய்க்காத ஒரு மரம் நின்றது. கடல் தாண்டி வந்த மரத்திராட்சை. வீட்டுக்காரி பேச்சியம்மாள் குடம் குடமாய் ஊற்றினாள். மரம் குடித்தது, பட்டையை உரித்தது, சும்மா நின்றது.

அணில் அந்த வருஷம்தான் உச்சிக் கிளைக்குக் குடிவந்து மூன்று குட்டி போட்டிருந்தது. தினமும் கிளை நுனிகளை அண்ணாந்து பார்க்கும். ஒரு மொட்டும் இராது.

ஒருநாள் பேச்சியம்மாள் அரிவாளோடு வந்தாள். அரிவாளின் முதுகுப் பக்கத்தால் அடிமரத்தில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"இந்த வருஷம் காய்க்கலைன்னா வெட்டி அடுப்பில் வச்சிருவேன்!"

அணில் அப்போதே கூட்டுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டது. அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

காகம் பறந்து வந்து ஆறுதல் சொன்னது. "பிள்ளைகளை ஒவ்வொன்றாய் மதில்மேல் கொண்டுவந்து வை, தங்கச்சி. நீ போய் வேறு கூடு கட்டு. தாய்மாமன் நான் பார்த்துக்கமாட்டேனா?" சொல்லும்போதே அதற்கு எச்சில் ஊறியது.

மறுநாள் விடியலில் அணில் முதல் குட்டியைக் கவ்விக்கொண்டு இறங்கியது. அடிமரம் வந்ததும் கால் மெத்தென்று எதிலோ புதைந்தது.

கிளையில் அல்ல, இலையிடுக்கில் அல்ல. பட்டையைப் பிளந்துகொண்டு மரத்தின் மேனியெல்லாம் வெள்ளைப் பூ! யாரோ மூட்டை மூட்டையாய்ப் பொரியை அப்பியதுபோல. மரத்தையே தூக்கிப் போய்விடுவதுபோலத் தேனீக்கள் இரைந்தன. காற்றுகூட அந்தப் பக்கம் மெல்ல நடந்தது.

அடிமரத்திலேயே குடியிருக்கும் ஓணான் தலையை ஆட்டியது.

"பத்து நாளாய் என் வயிற்றடியில் உறுத்திக்கொண்டிருந்தது, தாயி. நீ மேலேயே பார்த்து ஓடினாய். நேற்றும் பாதிதான் கேட்டாய். அவள் தட்டியதும் புருஷன்காரன், 'விடு, அடுத்த வருஷம் காய்ச்சிரும்'னு கெஞ்சினான். மரம் பயந்து காய்க்கட்டும்னு வருஷா வருஷம் ரெண்டு பேரும் காட்டுகிற பாவலா அது. காகத்துக்கும் தெரியும்."

மதில்மேல் இருந்த காகம், "என்ன தங்கச்சி, திரும்பிட்டே?" என்றது.

வாயில் குட்டி இருந்ததால் அணில் பதிலை வாலால் சொல்லிவிட்டு மேலே ஏறியது.

ஒரு மாதத்தில் அடிமரம் முழுக்கக் கறுகறுவென்று பழம். மரத்துக்கு ஆயிரம் கண் திறந்ததுபோல! பேச்சியம்மாள் அரிவாளைக் கீழே போட்டுக் கும்பிட்டாள். மூன்று குட்டிகளும் தலைகீழாய்த் தொங்கித் தின்றன.

பயந்தவர் காதில் பாதிப் பேச்சுதான் விழும். அடிமரத்தைத் தடவிப் பார்க்காமல் கூட்டைப் பிரிக்கக் கூடாது.