பாசிக்காரியின் பக்கம்

குரு என்றால் தாடி இருக்க வேண்டும், சீடன் என்றால் மீசை அரும்ப வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இந்தக் கதையின் குரு பானுவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. பரமக்குடியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். சீடர் அருளப்பன் ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், பேரன் பேத்தி எடுத்தவர்.

யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் எழுதியதையும் யாரும் திருத்தலாம் என்கிற இணையக் கலைக்களஞ்சியத்தில் அவரைச் சேர்த்துவிட்டவள் பானுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் நூலகத்து மாடியில் நாலைந்து பேர் கூடி எழுதுவார்கள். விளையாட்டாக அவளை டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்த அருளப்பன், போகப் போக நிஜமாகவே அப்படிக் கூப்பிட்டார்.

ஒரு ஞாயிறு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

"டீச்சர், ஒரு ஆளை விரட்டிட்டேன்னு நினைக்கிறேன்."

"யாரை சார்?"

"பாசிக்காரியை."

புதிதாக எழுத வருகிறவர்களுக்கு ஒரு துணையைக் கொடுப்பது அந்தக் களஞ்சியத்தின் வழக்கம். அருளப்பனை நம்பி முதன்முதலாக ஒப்படைக்கப்பட்டவள், பாசிக்காரி என்று பெயர் வைத்துக்கொண்டு வந்த ஒரு கடற்கரைப் பெண். கடலில் மூழ்கிப் பாறையில் ஒட்டிய பாசியைப் பறித்து எடுப்பது அவள் தொழில். அதைப் பற்றித்தான் எழுதியிருந்தாள். அவள் வந்த அன்று அருளப்பன் வீட்டில் எல்லோரிடமும் சொல்லி மகிழ்ந்தார்.

"திட்டினீங்களா?"

"சேச்சே. ஒரு வார்த்தை பேசலை. எல்லாத்தையும் சரி பண்ணிக் கொடுத்தேன்."

பானு அந்தப் பக்கத்தின் பழைய வடிவத்தைத் திறந்து பார்த்தாள். 'நாங்க கைவிரலுல துணிய சுத்திகிட்டு கடலுல எரங்குவோம்' என்று தொடங்கியிருந்தது. அருளப்பன் கை வைத்த பிறகு, 'இப்பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு கடலில் இறங்குகின்றனர்' என்று ஆகியிருந்தது. வரிக்கு வரி 'சான்று தேவை' என்று முத்திரை வேறு. அவள் எழுதி முடித்த சூடு ஆறுவதற்குள் எல்லாம் நடந்திருந்தது. அதற்குப் பிறகு அவள் வரவே இல்லை.

"விதிப்படிதானே டீச்சர் செஞ்சேன்? களஞ்சியத்துல 'நாங்க'ன்னு எழுத முடியுமா?"

"முடியாது."

"அப்போ என் மேல தப்பில்லையே?"

பானு அவருடைய கணினியைத் தன் பக்கம் இழுத்தாள். ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து கொடுத்தாள்.

"ஓடுற ரயில்ல டிரைவர்கிட்ட, பாதை காலியா இருக்கு போகலாம்னு அடையாளமா வளையத்தைக் கொடுப்பீங்களே, அதை எழுதுங்க சார்."

அருளப்பனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. அது அவர் உயிரோடு கலந்த விஷயம். மழையில் பிளாட்பாரத்து ஓரத்தில் நின்று, வருகிற எஞ்சினுக்கு நேராகக் கையை உயர்த்தியதைப் பற்றி ஒரு வரி எழுதிச் சேமித்தார். இரண்டாவது வரிக்கு வந்தபோது முதல் வரி மாறியிருந்தது. மழை இல்லை. கையும் இல்லை. எதிரில் பானு தன் கணினியில் மும்முரமாக இருந்தாள்.

அவர் இரண்டாவது வரியைச் சேமித்தார். அதுவும் மாறியது. மூன்றாவதைச் சேமிக்கப் போனால், நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும்போதே வேறொருவர் பக்கத்தை மாற்றிவிட்டார் என்று திரை தடுத்தது. அருளப்பன் விசைப்பலகையைத் தள்ளி வைத்தார்.

"தப்பா ஏதும் மாத்திட்டேனா சார்?"

"இல்லை. எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"பின்னே ஏன் நிறுத்திட்டீங்க?"

அருளப்பன் திரையில் முதல் வரியை விரலால் தொட்டுக் காட்டினார்.

"அதுல நான் நின்ன இடமே இல்லை டீச்சர்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. வீட்டுக்கு வந்தவளை வாம்மா என்று கூப்பிடும் முன்னால், செருப்பை ஒழுங்காக விடு என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டதே என்று வெட்கமாக இருந்தது. தண்ணீருக்குள் மூச்சை அடக்கி வேலை செய்கிறவள், தன்னிடம் வந்து மூச்சுமுட்டிப் போயிருக்கிறாள்.

"இனிமே வருவாங்களா?"

"தெரியலை. சான்று இல்லைன்னா நாம தேடிக்கலாம். ஆளு போயிட்டா எங்க போய்த் தேடுறது?"

அருளப்பன் அப்போதே பாசிக்காரிக்குச் செய்தி விடுவதற்கான பேச்சுப் பக்கத்தில் எழுத உட்கார்ந்தார். மன்னிப்பு, விளக்கம், விதிகளுக்கான இணைப்புகள், மறுபடியும் மன்னிப்பு என்று நீட்டி முழக்கிப் பானுவிடம் காட்டினார்.

"இதைப் படிச்சா அவங்க என்ன பதில் போடுவாங்க?"

"பரவாயில்லைங்கன்னு போடுவாங்க."

"அதோட முடிஞ்சிரும். அவங்க எழுதினதுல உங்களுக்கு நெஜமாவே தெரியாதது ஒண்ணு இருக்கா?"

அருளப்பன் யோசித்தார். பிறகு எழுதியதை எல்லாம் அழித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: 'தண்ணிக்குள்ள அந்தத் துணி அவுந்துராதா தாயி?'

அடுத்த சில நாட்கள் பதில் வரவில்லை. எஞ்சின் சத்தம் கேட்காத ஸ்டேஷனில் காத்திருந்து பழக்கப்பட்டவர்தான். ஆனாலும் வீட்டில் இருந்தவர்கள் கேலி செய்யும் அளவுக்குக் கணினியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

அடுத்த ஞாயிறு, மாடிப்படியில் ஏறும்போதே அவருடைய குரல் மேலே வந்துவிட்டது.

"பதில் போட்டிருக்காங்க டீச்சர்."

பானு வாசித்தாள். 'அவுராதுங்கய்யா. ஒரு கைக்கு நாமளே சுத்திக்கிருவோம். மறு கைக்குக் கூட வர்றவ சுத்தி விடுவா. கடைசி முடிச்ச பல்லால கடிச்சு இருக்குவோம்.'

"இவ்வளவு அழகா எந்தப் புத்தகத்துலயும் இல்லை டீச்சர். சான்றுக்காக நானும் தேடிப் பார்த்தேன்."

"இன்னும் தேடுவோம் சார்."

அருளப்பன் தயங்கினார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"இதையே பக்கத்துலயும் ஒரு வரியாச் சேர்த்திருக்காங்க. மறுபடியும் 'நாங்க'ன்னுதான் எழுதியிருக்காங்க. பிழை வேற நிறைய."

"பார்த்தேன்."

"கை துறுதுறுங்குது. எப்போ திருத்தலாம்?"

"அவங்க அடுத்த வரியை எழுதினதுக்கப்புறம்."

"அதுலயும் பிழை இருந்தா?"

"இருந்தா, அவங்க போகலைன்னு அர்த்தம் சார்."